வேண்டாத டைம்ஷேரிலிருந்து விடுபட

உல்லாச விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை முன்பணம் வாங்கிக்கொண்டு விற்பதுதான் டைம்ஷேர். 1980களின் பிற்பகுதியில் நம் நாட்டில் பரவத் தொடங்கிய இத்திட்டத்தில், ஓய்வூதியப் பணம் கையில் வந்த சமயம் சேர்ந்தவர்கள் நம் சங்கத்திலேயே பலர் உண்டு. சிலருக்கு 25 ஆண்டு ஒப்பந்தம். சிலருக்கு 99 ஆண்டு! குடும்பத்தோடு ஊட்டியும் மணாலியும் பார்த்துத் திருப்தியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூர் சென்று, முழங்கால் மலை ஏற மறுக்கும் வயதில்தான் சிக்கல். போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு.

என் மைத்துனர் 2009-ல் சேர்ந்து, 2021-ல் காலமானார். அவர் மனைவிக்கு, குடும்ப ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு, "பாக்கி ரூ.64,000" என்று நோட்டீஸ் வந்தது. அதே மாதம் ஒருவர் போன் செய்து, "உங்கள் மெம்பர்ஷிப்பை வாங்க ஆள் தயார். மாற்றுக் கட்டணமாக ரூ.35,000 மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்றார். "அனுப்பிவிடட்டுமா அண்ணா?" என்று அவர் என்னைக் கேட்டபோது, வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் கேட்கச் சொன்னேன். அந்தப் போன் பிறகு வரவே இல்லை. விற்றுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவருக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். டைம்ஷேரை மறுவிற்பனை செய்வது மிகக் கடினம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பிறகு ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படித்தோம். பார்க்க வேண்டியவை மூன்று. கையெழுத்துப் போட்டவர் யார் யார்? விலகுவது பற்றிய ஷரத்து என்ன? கட்டணம் கட்டாவிட்டால் என்ன செய்வதாக எழுதியிருக்கிறது? மைத்துனர் மட்டுமே கையெழுத்திட்டிருந்தார். இறந்தவரின் கடனுக்கு வாரிசின் பொறுப்பு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான். மனைவியும் கூட்டு உறுப்பினராகக் கையெழுத்திட்டிருந்தால் நிலைமை வேறு.

இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து, உறுப்பினர் உரிமையைத் தொடர விருப்பமில்லை என்று ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பினோம். பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்கு "விதிகளில் இடமில்லை" என்று பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தோம். நான்கு மாதங்களில் பாக்கியைத் தள்ளுபடி செய்து, உறுப்பினர் உரிமையை ரத்து செய்தார்கள். மைத்துனர் கட்டிய பணம் திரும்ப வரவில்லை. ஆனால் அவர் மனைவியின் தலைவலி தீர்ந்தது.

அதிலும் தீராதவர்கள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். டைம்ஷேருக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லாததால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே நமக்குத் துணை. கம்பெனியின் தலைமையகம் எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நியாயமற்ற ஒப்பந்த ஷரத்துகளைச் செல்லாது என அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கு உண்டு.

அண்மையில் சேர்ந்தவர்கள் இன்றே ஒப்பந்தத்தைப் பாருங்கள். கையெழுத்திட்ட சில நாட்களுக்குள் விலகினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற ஷரத்து பலவற்றில் இருக்கிறது. அந்த நாட்கள் போனால் போனதுதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ரயில்வேயில் தண்டவாள வேலை முடிந்தபின் "பாதை சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் வண்டியை விடுவார்கள். வாய்ச்சொல் செல்லாது. இங்கும் அப்படியே. "ரத்தாகிவிட்டது மேடம்" என்று போனில் சொன்னதை நம்பிக் கோப்பை மூடாதீர்கள். பாக்கி ஏதும் இல்லை, உறுப்பினர் உரிமை ரத்து என்று தேதியோடு கடிதம் வாங்குங்கள். வங்கியில் தானாகப் பணம் பிடிக்கும் உத்தரவு இருந்தால் அதையும் எழுத்து மூலம் நிறுத்துங்கள். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று நம் பிள்ளைகளிடமும் இருக்கட்டும்.