சவேரியார் படமும் ரூபன்ஸின் பட்டறையும்

டிசம்பர் 3ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவிழா. முத்துக்குளித்துறை மக்களுக்கு நம் மொழியிலேயே செபங்களைக் கற்பித்த அப்புனிதரை, நம் கரையை ஒருபோதும் கண்டிராத ஓவியர் ஒருவர் மாபெரும் பீடப்படமாகத் தீட்டியிருக்கிறார்.

அன்ட்வேர்ப் நகரில் இயேசு சபையினர் எழுப்பிய புதிய ஆலயத்தின் தலைமைப் பீடத்திற்காகப் பீட்டர் பவுல் ரூபன்ஸ் 1617–18 அளவில் வரைந்த படம் அது. உயரம் ஐந்து மீற்றருக்கு மேல். அதன் துணைப்படமான இஞ்ஞாசியார் படத்தோடு மாறி மாறிப் பீடத்தில் வைக்கப்பட்டது. இருவரும் புனிதர் பட்டம் பெற்றதோ 1622இல்தான்!

இத்தகைய படங்கள் ஒரு கையால் மட்டும் உருவாவதில்லை. ரூபன்ஸின் வீட்டோடு பெரிய பட்டறையொன்று இருந்தது. சிறிய மாதிரிப்படத்தைக் குருவே வரைவார். சீடர்கள் அதைப் பெரிதாக்கித் தீட்டுவர். முடிவில் குருவின் தூரிகை முகங்களையும் கைகளையும் திருத்தும். அதே ஆலயத்தின் மேற்கூரைக்கான 39 படங்களுக்கு 1620இல் எழுதப்பட்ட ஒப்பந்தம், மாதிரிகளை ரூபன்ஸ் தம் கையால் வரைய வேண்டும் என்றும், வான் டைக் முதலிய சீடர்கள் அவற்றைப் பெரிய அளவில் தீட்டலாம் என்றும் ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. 1718இல் இடி விழுந்து அந்த 39 படங்களும் எரிந்துபோயின. பீடப்படங்கள் தப்பின. இயேசு சபை கலைக்கப்பட்டபின் 1776இல் அவை வியன்னாவுக்குச் சென்றன. சவேரியார் படமும் அதன் மாதிரியும் இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன.

படத்தில் கறுப்பு அங்கியுடன் உயரத்தில் நிற்கிறார் சவேரியார். கீழே இறந்தவன் எழுகிறான்; பார்வையற்றவன் இரு கைகளையும் நீட்டித் தடவி வருகிறான். அந்தக் கைகளை விட்டு என் கண் அகலுவதில்லை. ஆனால் பின்னணியில் ஒரு கோயில். அதன் சிலை உடைந்து சரிகிறது.

கந்தளாயில் சிவன் கோயிலின் அயலில் வாழும் நாம் இதைக் காணாததுபோல் கடந்துவிட முடியாது. திருமுழுக்குப் பெற்றோரின் சிலைகளை உடைக்கச் செய்ததைச் சவேரியாரே தம் மடல்களில் மகிழ்வோடு எழுதியிருக்கிறார். 1620களில் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களால் திருகோணமலைக் கோட்டையைக் கட்டினர். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவிக்க 1965 வரை காலம் சென்றது.

திருவிழா நாளில் இப்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். "அந்தக் கோயில் ஏன் இடிகிறது?" என்று அவர்கள் கேட்பார்கள். வரைந்தவர் இங்கு வந்ததேயில்லை என்பதையும், கோட்டைச் சுவரின் கற்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.