ஒண்டிவீரன் நினைவு நாளும் தடையுத்தரவும்: பாளையக்காரர் காலம் இன்றைய எதிர்ப்புக்கு எதைக் கற்றுத் தருகிறது?

ஆகஸ்ட் 20 ஒண்டிவீரனின் நினைவு நாள். செப்டம்பர் 1 பூலித்தேவரின் பிறந்தநாள். சங்கரன்கோவிலுக்கு அருகேயுள்ள நெற்கட்டும்செவலில் ஒருவர் பாளையக்காரராகவும் மற்றவர் அவருடைய படைத்தளபதியாகவும் நின்று கும்பினியை எதிர்த்தவர்கள் என்பதை இன்று பாடநூல்களும் அரசு விழாக்களும் ஏற்றுக்கொள்கின்றன. ஆயினும் இவ்விரு நாட்களை ஒட்டித் தென்காசி மாவட்ட நிர்வாகம் அண்மை ஆண்டுகளில் தடையுத்தரவு பிறப்பித்து வந்திருக்கிறது. கொடுங்கோன்மையை எதிர்த்தவர்களை நினைவுகூர்வதற்குக்கூட மக்கள் அனுமதி பெற்றாக வேண்டியிருக்கிறது.

இந்த முரணிலிருந்தே ஒரு பழைய கேள்வியைப் புதிதாகக் கேட்கலாம். அன்றைய எதிர்ப்பு இன்றைய அரசியல் எதிர்ப்புக்கு ஏதேனும் பாடம் தருகிறதா? அல்லது சிலையும் மாலையுமாக முடிந்துபோன கதையா? பாடம் இருக்கிறது என்பதே நம் நிலைப்பாடு. ஆனால் அது மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் வீரத்தின் பாடமாக இல்லை.

நெற்கட்டும்செவலில் நடந்தது

18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆற்காட்டு நவாபு, தென்பாளையங்களில் வரி வசூலிக்கும் தம் உரிமையை நிலைநாட்டக் கிழக்கிந்தியக் கும்பினியின் படையைத் துணைக்கு அழைத்தார். 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த படை நெற்கட்டும்செவலின் முன் நின்று கப்பம் கேட்டது. பூலித்தேவர் மறுத்தார். கோட்டையைத் தகர்க்கும் பெரிய பீரங்கிகள் இல்லாத நிலையில் ஹெரான் திரும்பிச் சென்றார். ‘நெல் கட்டும் செவல்’ என்றிருந்த ஊர், அந்த மறுப்புக்குப் பின் ‘நெல் கட்டான் செவல்’ எனப் பெயர் பெற்றதாக மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒரு கூட்டணியாக இணைத்தார். திருவிதாங்கூரின் ஆதரவும் சில காலம் இருந்தது. கும்பினியின் தளபதியாக வந்த யூசுப்கான் அந்தக் கூட்டணியைத்தான் முதலில் உடைத்தார். திருவிதாங்கூர் 1759இல் அவர் பக்கம் சேர்ந்தது. 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் வீழ்ந்தன. அவற்றை வீழ்த்திய யூசுப்கானையும், அவர் தமக்கு அடங்க மறுத்தபோது, கும்பினியும் நவாபும் 1764இல் மதுரையில் தூக்கிலிட்டனர்.

இந்தப் போரில் அருந்ததியரான ஒண்டிவீரனும் தேவேந்திரரான வெண்ணிக்காலாடியும் படை நடத்தினர். தனியொருவராக எதிரி முகாமுக்குள் புகுந்த ஒண்டிவீரன், கையில் முளைக்குச்சி இறங்கியபோதும் ஓசையெழுப்பாமல் கிடந்து, பின் தம் கையைத் தாமே வெட்டிக்கொண்டு பணியை முடித்தார் என்பது மரபு. வயிறு கிழிந்த நிலையிலும் தலைப்பாகைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு போரிட்டார் வெண்ணிக்காலாடி என்பதும் மரபே. கும்பினியாரின் எழுத்துகள் பெரும்பாலும் பாளையக்காரர்களைப் பற்றியே பேசுகின்றன. இவ்விரு தளபதிகளும் நம்மிடம் வந்து சேர்ந்தது கதைப்பாடலாலும் ஊர் நினைவாலும்தான். எழுதும் உரிமை யாரிடம் இருந்ததோ அவர்களின் ஏட்டில் இல்லாதவர்களை, எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் தம் நாவில் சுமந்து இரண்டரை நூற்றாண்டு கடத்தியிருக்கிறார்கள். நினைவுகூர்தலே ஓர் எதிர்ப்புச் செயல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அழைப்பில் இல்லாதவர்கள்

பாளையக்காரர் எதிர்ப்பை முழுமையாகப் புரிந்துகொள்ள 1801ஆம் ஆண்டுக்கு வர வேண்டும். அவ்வாண்டு ஜூன் 16 அன்று மருது சகோதரர்களின் சார்பில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. ஜம்புத் தீவின் மக்கள் அனைவரும் அந்நியருக்கு எதிராக ஒன்றுபட வேண்டும் என்று அழைத்த அந்த அறிக்கை, இந்திய விடுதலை வரலாற்றின் முக்கிய ஆவணங்களுள் ஒன்று. ஆனால் இன்று நமக்குக் கிடைக்கும் அதன் வாசகம் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று அழைக்கிறது. நால்வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோருக்கு அங்கே தனிப்பெயர் இல்லை. களத்தில் இரத்தம் சிந்தியவர்கள் அழைப்பின் முகவரியில் இடம்பெறவில்லை.

இதைச் சொல்வது மருதுவையோ பூலித்தேவரையோ சிறுமைப்படுத்துவதற்காக அன்று. கும்பினியின் கப்பத்தை மறுத்த பாளையத்துக்குள்ளும் சாதியின் படிநிலை இருந்தது; அந்நியனை எதிர்த்த வாள் அந்தப் படிநிலையைத் தொடவில்லை. ஆதலால் ஒரு கொடுங்கோன்மையை எதிர்ப்பவர் எல்லாக் கொடுங்கோன்மையையும் எதிர்ப்பவர் ஆகிவிடுவதில்லை. இன்றும் பேரணிகளில் நம் தோழர்கள் கொடி பிடிக்கிறார்கள். கோரிக்கைப் பட்டியல் எழுதும் அறையில் அவர்களுக்கு இருக்கை இருக்கிறதா என்று நாம் கேட்டாக வேண்டும்.

எது கொடுங்கோன்மை?

நெற்கட்டும்செவலோடு கோரேகானை வைத்துப் பார்த்தால் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. 1818 ஜனவரி 1 அன்று மராட்டியத்தின் பீமா ஆற்றங்கரையில், கும்பினிப் படையில் நின்ற மகர் வீரர்கள் பேஷ்வாவின் படையை எதிர்த்துப் போரிட்டனர். அங்குள்ள வெற்றித் தூணில் பொறிக்கப்பட்ட 49 பெயர்களில் 22 மகர்களுடையவை. அண்ணல் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அங்கே சென்று மரியாதை செலுத்தினார்.

தெற்கே ஒண்டிவீரன் கும்பினியை எதிர்த்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் வடக்கே மகர்கள் கும்பினியோடு நின்றனர். தேசத்தின் அளவுகோலை மட்டும் கையில் வைத்திருப்பவர் முதலாமவரைத் தியாகி என்றும் இரண்டாமவரைத் துரோகி என்றும் எளிதாகப் பிரித்துவிடுவார். மாண்பின் அளவுகோலால் பார்க்கும் நாம் இரண்டையும் ஒரே வரலாற்றின் பக்கங்களாகப் படிக்கிறோம். ஆள்பவன் எந்த நாட்டவன் என்பதோடு, அவன் ஆட்சியில் மனிதர் மனிதராக நடத்தப்படுகிறாரா என்பதும் கொடுங்கோன்மையை அறியும் உரைகல். பேஷ்வாக்களின் ஆட்சியில் தீண்டாமை எத்தனை கொடியதாக இருந்தது என்பதை அறிந்தவருக்கு மகர் வீரர்களின் தேர்வு புதிராக இராது.

அந்த நினைவும் தண்டனைக்குத் தப்பவில்லை. 2018 ஜனவரி 1 அன்று கோரேகானில் கூடியவர்கள் தாக்கப்பட்டனர். அதைத் தொடர்ந்த எல்கர் பரிஷத் வழக்கில் வழக்குரைஞர்களும் எழுத்தாளர்களும் செயற்பாட்டாளர்களும் சட்டவிரோதச் செயல்கள் (தடுப்பு) சட்டத்தின் கீழ்ச் சிறையிலடைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான, திருச்சி மாவட்டத்தில் பிறந்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமி, பிணை கிடைக்காமலேயே 2021 ஜூலை 5 அன்று தம் 84ஆம் வயதில் காலமானார்.

ஒரு பெயருக்கு நேர்ந்தது

தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு வேறுபட்டதன்று. கட்டபொம்மனின் தளபதிகளுள் ஒருவரான கவர்னகிரி சுந்தரலிங்கனாரின் பெயரை 1997இல் தமிழக அரசு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்குச் சூட்டியது. அவர் தேவேந்திரர் என்பதாலேயே ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர். அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றனர். தென்மாவட்டங்களில் வன்முறை வெடித்தது. முடிவில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கிவிட்டது. ஒரு தலித் விடுதலை வீரரின் பெயரை ஏற்பதைக் காட்டிலும் எல்லாப் பெயர்களையும் இழப்பது மேல் என்ற இடத்தில் அந்தச் சிக்கல் முடித்துவைக்கப்பட்டது.

இன்று பாளையங்கோட்டையில் ஒண்டிவீரனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2022இல் ஒன்றிய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. இவை நம் மக்கள் கேட்டுப் பெற்றவை. குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் கல்லில் நிற்கும் வீரருக்கு மாலையிடும் அரசு, அவர் பெயரால் கூடும் உயிருள்ள மக்களை எப்படி நடத்துகிறது என்பதில்தான் அந்த மரியாதையின் உண்மை தெரியும்.

சட்டத்தின் வம்சாவளி

தடையுத்தரவு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1857 எழுச்சியை ஒடுக்கிய பின் ஆங்கில அரசு 1861இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும் காவல் சட்டத்தையும் இயற்றியது. கூட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில் 144ஆம் பிரிவாக அமைந்தது. 1898லும் அதே எண். விடுதலைக்குப் பின் 1973லும் அதே எண். 1917இல் சம்பாரணில் காந்தியை வெளியேறச் சொன்னதும் இப்பிரிவின் ஆணையே. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 163ஆம் பிரிவாகத் தொடர்கிறது. எண் மாறியது, அதிகாரம் மாறவில்லை. ஒண்டிவீரன் எதிர்த்த ஆட்சியின் வாரிசுகள் எழுதிவைத்த அதிகாரத்தால்தான் அவருடைய நினைவு நாள் ஒழுங்குபடுத்தப்படுகிறது.

நிர்வாகத்தின் வாதத்தையும் கேட்க வேண்டும். தென்மாவட்டங்களில் நினைவு நாட்களையொட்டிச் சாதி மோதல்கள் நடந்திருக்கின்றன; உயிர்கள் போயிருக்கின்றன; தடுப்பது அரசின் கடமை என்கிறார்கள். கடமைதான். ஆனால் 2011 செப்டம்பர் 11 அன்று தியாகி இமானுவேல் சேகரனின் நினைவு நாளில் பரமக்குடியில் தலித்துகளின் உயிரைப் பறித்தவை காவல்துறையின் துப்பாக்கிகள். தாக்குவோரைத் தடுக்க வேண்டிய அதிகாரம் கூடுவோரைத் தடுக்கும் அதிகாரமாக மாறும்போது, பாதிக்கப்படக் கூடியவரே சந்தேகத்துக்குரியவராக ஆக்கப்படுகிறார்.

உச்ச நீதிமன்றம் 144ஆம் பிரிவு செல்லும் என்று 1961இல் பாபுலால் பராட்டே வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று தெளிவான எல்லைகளை வகுத்தது. நியாயமான கருத்தையோ குறையையோ வெளிப்படுத்துவதை, சனநாயக உரிமைகளைப் பயன்படுத்துவதை ஒடுக்க இப்பிரிவைக் கையாளக் கூடாது. ஆணை வெளியிடப்பட வேண்டும். அதற்கான உண்மைக் காரணங்கள் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டுப்பாடு ஆபத்தின் அளவைத் தாண்டக் கூடாது. ஒரே காரணத்துக்காக ஆணையைத் திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது அதிகாரத் துஷ்பிரயோகம்.

ஆணையை மீறியதாகத் தொடுக்கப்படும் வழக்குகளுக்கும் வரம்பு உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவுக் குற்றத்துக்கு, தொடர்புடைய அரசு அலுவலர் நீதிமன்றத்தில் எழுத்துபூர்வமாக முறையீடு செய்தால் மட்டுமே வழக்கை விசாரணைக்கு ஏற்க முடியும். காவல்துறை தானே முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018 செப்டம்பர் 20 அன்று ஜீவானந்தம் வழக்கில் விளக்கியது. அக்குற்றம் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு. அலுவலரின் முறையீடு வேண்டும் என்ற நிபந்தனை புதிய நடைமுறைச் சட்டத்திலும் 215ஆம் பிரிவாக நீடிக்கிறது. அரசு வேலைக்கான காவல் சரிபார்ப்பில் ஒரு வழக்கு எண்ணே தடையாகிவிடும் என்ற அச்சத்தில் ஒதுங்கும் மாணவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

மகாத் தரும் பாடம்

தடையாணையின் முன் எதிர்ப்பு என்ன செய்ய முடியும்? இதற்கான விடை அம்பேத்கரின் வாழ்விலேயே இருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்து நீரை அவரும் பல்லாயிரம் மக்களும் அருந்தினர். டிசம்பரில் மீண்டும் கூடவிருந்த நிலையில், ஆதிக்கச் சாதியினர் உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றனர். அம்பேத்கர் குளத்துக்குச் செல்வதை ஒத்திவைத்தார். எதிர்ப்பை ஒத்திவைக்கவில்லை. டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளத்துக்கான வழக்கைப் பத்தாண்டு நடத்தி 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார்.

1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில், அரசமைப்பு வழிகள் திறந்திருக்கையில் சத்தியாகிரகம் உள்ளிட்ட பிற வழிகளுக்கு நியாயமில்லை என்று அவர் எச்சரித்ததைப் பலர் நமக்கு எதிராக எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த எச்சரிக்கைக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: வழிகள் திறந்திருக்க வேண்டும். அமைதியாகக் கூடுதல் உறுப்பு 19 தரும் உரிமை. அது அரசமைப்பு வழிகளுள் ஒன்று. அவ்வழியை ஆண்டுதோறும் அடைத்துவிட்டு, அரசமைப்பு வழியில் நில்லுங்கள் என்று அறிவுரை கூறும் தகுதி எந்த நிர்வாகத்துக்கும் இல்லை.

ஆகவே வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. எந்த உரிமையில் கேட்கிறாய் என்று அதிகாரத்தை நோக்கி எழுப்பிய கேள்வி முதலாவது. அன்று அதைக் கோட்டைச் சுவருக்குப் பின்னிருந்து கேட்டார்கள். இன்று ஆணையின் நகலையும் காரணங்களையும் எழுத்தில் கோரி, ஆணையை நீக்கவோ மாற்றவோ 163ஆம் பிரிவின் கீழேயே மனு அளித்து, மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். இரண்டாவது, கூட்டணி. 1759இல் உடைந்ததும் அதுவே. ஒண்டிவீரனை அருந்ததியருக்கும் வெண்ணிக்காலாடியைத் தேவேந்திரருக்கும் பூலித்தேவரை மறவருக்கும் எனப் பிரித்துக் கொடுத்திருக்கும் இன்றைய நிலையில் உடைந்து கிடப்பதும் அதுவே. மூன்றாவது, பதிவு. இனி நம் பெயர்களை நாவு மட்டும் சுமக்க வேண்டியதில்லை. எந்த ஆண்டில் எந்த ஆணை, என்ன காரணம், எத்தனை வழக்கு, யார் மீது என்பதை ஊர்தோறும் நாமே எழுதிவைக்க வேண்டும். சங்கரன்கோவில் வட்டாரத்துக் கல்லூரி மாணவர்கள் அடுத்த ஆகஸ்டுக்கு முன் இந்த ஒரு பணியைத் தொடங்கினாலே போதும். நீதிமன்றத்தில் நம் கையில் ஆவணம் இருக்கும்.