நெய்வேலி புகையில் கண்ணுக்குத் தெரியாத வாயு... 705 கி.மீ உயரத்திலிருந்து அளப்பது எப்படி?

கடலூர் - விருத்தாசலம் ரயில் பாதையில் குறிஞ்சிப்பாடி, அடுத்து வடலூர், அதற்கடுத்து நெய்வேலி. இந்தப் பகுதி மக்களுக்கு அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பழகிப்போன காட்சி. ஆனால், அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் நீராவியும் நுண்ணிய சாம்பலும்தான். பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நெய்வேலியில் 1962-லிருந்து பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். இன்றைய அனல்மின் திறன் 3,000 மெகாவாட்டுக்கும் மேல். பழுப்பு நிலக்கரியில் ஈரப்பதம் அதிகம் என்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடும் மற்ற நிலக்கரியைவிட அதிகம். எரித்த நிலக்கரியின் எடையை வைத்து இதைக் கணக்கிடுவதே உலகெங்கும் வழக்கம். அந்தக் கணக்கை வெளியிலிருந்து யாராவது சரிபார்க்க முடியுமா? அதற்காகத்தான் சில செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன.

வெயிலில் விழும் கறுப்புக் கோடுகள்

முதலில் வந்தது ஜப்பானின் 'கோசாட்'. 2009 ஜனவரியில் ஏவப்பட்டது. அடுத்த மாதமே அமெரிக்காவின் நாசா அனுப்பிய 'ஓசிஓ', ராக்கெட்டின் மூடி கழலாததால் அன்டார்டிகா அருகே கடலில் விழுந்தது. அதற்குப் பதிலாக 2014 ஜூலையில் சென்ற 'ஓசிஓ-2', 705 கி.மீ உயரத்தில் பறக்கிறது.

இது காற்றைப் பிடித்துப் பார்ப்பதில்லை. தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் பார்க்கிறது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் குறிஞ்சிப்பாடி கைலிபோல வரிவரியாக இருக்கும். கார்பன் டை ஆக்சைடு சில குறிப்பிட்ட வரிகளை மட்டும் விழுங்கிவிடும். அந்த இடங்களில் கறுப்புக் கோடு விழும். கோடு எவ்வளவு அழுத்தமோ, வழியில் அவ்வளவு வாயு. இதே முறையில் ஆக்சிஜனையும் அளந்து, மொத்தக் காற்றில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறார்கள்.

420-ல் ஒன்றைத் தேடும் வேலை

ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் தொடர் அளவீடு தொடங்கியபோது, பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் சுமார் 315 மட்டுமே கார்பன் டை ஆக்சைடு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஒரு பெரிய அனல்மின் நிலையத்துக்கு மேலே செயற்கைக்கோள் பார்க்கும்போது, இந்த எண்ணில் கூடுவது பெரும்பாலும் ஒன்றிரண்டுதான்!

இன்னும் சில சிக்கல்களும் உண்டு. ஓசிஓ-2 ஒரு நேரத்தில் பார்ப்பது சுமார் 10 கி.மீ அகலப் பட்டையை மட்டுமே. அதே பாதைக்குத் திரும்ப 16 நாள்கள் ஆகும். கடக்கும் நேரம் பிற்பகல் 1.30 மணியளவில். அப்போது மேகம் இருந்தால் அளவீடு கிடைக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூர் மாவட்ட வானம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் முடிகிறது. 2017-ல் கனடா ஆய்வாளர் ரே நாசர் குழுவினர் தனித்தனி மின்நிலையங்களின் உமிழ்வை ஓசிஓ-2 தரவிலிருந்து கணக்கிட்டனர். அமெரிக்க நிலையங்கள் தினசரி கொடுத்த கணக்கோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் 1 முதல் 17 சதவிகிதம்தான். அதே முறையில் மத்தியப் பிரதேசத்தின் சாசன் மின்நிலையத்தையும் அளந்தனர்.

தரையிலும் ஆள் வேண்டும்

மேலிருந்து பார்ப்பது மட்டும் போதாது. 2006 முதல் சில ஆண்டுகள் இந்திய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் புதுச்சேரி கடற்கரையில் குடுவைகளில் காற்றைப் பிடித்து அளந்தனர். சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில் கோபுரம் அமைத்து, அலையாத்திக் காடு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது என்று எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஆராய்ந்தனர். ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் வாயுவை வெளியேற்றும் புகைபோக்கி; இன்னொரு பக்கம் அதை உறிஞ்சும் காடு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரவு செலவு தெரியும்.

2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று 2021 கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அந்த வாக்குறுதி நிறைவேறுகிறதா என்று பார்க்க, எல்லா நாட்டுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். ஆனால் 2025-ல் அமெரிக்க அரசின் பட்ஜெட் முன்மொழிவு, ஓசிஓ-2-வையும், சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள ஓசிஓ-3-ஐயும் நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் ஜப்பான் அடுத்த செயற்கைக்கோளான 'கோசாட்-ஜிடபிள்யூ'வை ஏவியது.

தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் கடலூர். பூமி சூடாகச் சூடாகப் புயலும் பெருமழையும் கடுமையாகும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். அந்தச் சூட்டுக்குக் காரணமான வாயு எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்ற கணக்கு, குறிஞ்சிப்பாடிக்காரர்களுக்கும் தேவைப்படும் கணக்குதான்.