உள்ளானும் காமிராவும்

வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடிக்கரைச் சதுப்பில் குளிர்காலந்தோறும் வந்து தங்கும் பட்சிகளைக் காண, சென்ற மார்கழியில் ஒரு நாள் போய் வந்தோம். 1967-ல் சரணாலயமாக்கப்பட்டு, 2002-ல் ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்ற இடம் அது. பூநாரைகள் அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி இரையை வடித்தெடுக்கும் காட்சி ரம்மியமானதுதான். ஆயினும் நமது உள்ளத்தைக் கவர்ந்தது கொசு உள்ளானே. ஏறக்குறைய முப்பது கிராம் எடையுள்ள இச்சிறு ஜீவன் வட துருவத்தை யடுத்த பனி நாடுகளில் குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான மைல் கடந்து நம் கரைக்கு வருகிறது.

அன்று காமிராவுடன் வந்திருந்தவர்களிற் சிலர், கூட்டமாய்ப் பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டி இவற்றைக் கிளப்பினார்கள். ஒரு முறையன்று, நான்கைந்து முறை! படித்தவர்கள்தாம், துப்பாக்கி ஏந்தியவனைக் கண்டால் முதலிற் சீறுகிறவர்களும் இவர்களே. திரும்பிப் பறப்பதற்கு உள்ளானுக்குள்ள மூலதனம் இந்தச் சேற்றில் புழுபூச்சி தின்று உடலிற் சேர்க்கும் கொழுப்பு ஒன்றே. வீணாக எழுப்பும்போதெல்லாம் அம்மூலதனம் கரைகிறது. மேயும் வேளையும் போகிறது. சரணாலயத்தில் வனப் பிராணிகளைத் துன்புறுத்தலாகாதென்று 1972-ம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு விதித்திருக்கிறது. கைதட்டுவது துன்புறுத்தலாகுமா என்று வாதிக்க வக்கீல்கள் கிடைப்பார்கள். உள்ளானுக்கு வக்காலத்து வாங்குவோர் யார்?

சேற்றோரம் அசையாது உட்கார்ந்திருந்தால் உள்ளான் இரை தேடிக்கொண்டு தானே அருகில் வருகிறது. அவ்வாறு ஒரு மணி நேரம் குந்தியிருந்த இளைஞர் ஒருவருக்கே அன்று நல்ல படம் கிடைத்தது.