பஸ்ஸைத் தள்ளிய மௌன மாமா!

சிக்னலில் சிவப்பு விளக்கு. ஒரு பஸ் கோட்டுக்கு முன்னால் நிற்காமல், ஜீப்ரா கிராசிங்கின் மேலேயே ஏறி நிற்கிறது. பாவம் மக்கள்! வண்டிகளுக்கு நடுவே புகுந்து, பயந்து பயந்து சாலையைக் கடக்கிறார்கள்.

அப்போது முகமெல்லாம் வெள்ளைச் சாயம் பூசிய ஒருவர் ஓடி வருகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸின் முன்னால் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பின்னுக்குத் தள்ளுவதுபோல நடிக்கிறார்! எல்லோரும் சிரிக்க, டிரைவருக்கு வெட்கமாகிவிடுகிறது. பஸ் மெல்லப் பின்னால் போகிறது.

தென் அமெரிக்காவில், கொலம்பியாவின் தலைநகரம் பொகோட்டா. 1995-ல் அங்கே இப்படிப்பட்ட காட்சிகளைப் பார்க்கலாம், குட்டீஸ். வந்தவர் போலீஸ் அல்ல, மௌன நாடகக் கலைஞர். அனுப்பியவர் நகர மேயர் அன்டனாஸ் மோக்கஸ். மேயர் ஆவதற்கு முன் இவர் கணிதப் பேராசிரியர்!

அந்த நகரத்தில் போக்குவரத்துப் போலீசார் பலர் லஞ்சம் வாங்கினார்கள். விதியை மீறியவர் கொஞ்சம் காசு கொடுத்துத் தப்பித்துவிடுவார். அப்புறம் யார் கோட்டுக்கு முன்னால் நிற்பார்கள்? அபராதத்தைவிட, நாலு பேர் முன்னால் கேலிக்கு ஆளாகத்தான் மக்கள் பயப்படுகிறார்கள் என்று மோக்கஸ் கணக்குப் போட்டார். முதலில் 20 கலைஞர்கள். பலன் தெரிந்ததும் மேலும் 400 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்.

கண்ட இடத்தில் குறுக்கே ஓடியவர்களும் தப்பவில்லை. பின்னாலேயே போய், அவர்களைப் போலவே நடித்துக் காட்டினார்கள்! ஆனாலும் பெரிய பொறுப்பு வண்டி ஓட்டுபவருக்குத்தான். 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரே விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். ஆளைப் பார்த்து, பிரேக்கில் கால் வைப்பதற்கே அந்த ஒரு விநாடி போய்விடுமே! நடப்பவர் தவறு செய்தால் அடி அவருக்கு. ஓட்டுபவர் தவறு செய்தாலும் அடி நடப்பவருக்குத்தான்.

இன்னொன்றும் செய்தார்கள். வண்டி மோதி மக்கள் இறந்த இடங்களில், சாலையிலேயே நட்சத்திரம் வரைந்தார்கள். அதைப் பார்த்தபின் யாருக்கு வேகமாகப் போக மனம் வரும்? வேறு பல நடவடிக்கைகளும் சேர்ந்தன. ஆண்டுக்குச் சுமார் 1,300 ஆக இருந்த சாலை விபத்துச் சாவுகள், மோக்கஸ் இரண்டாம் முறை மேயராக இருந்து முடித்த 2003 வாக்கில் சுமார் 600 ஆகக் குறைந்தன.

பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரம் இதைப் பார்த்து 2001-ல் வேறொரு வேடம் போட்டது. என்ன தெரியுமா? வரிக்குதிரை! உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட இளைஞர்கள் சிக்னலில் ஆடிக்கொண்டே வண்டிகளை நிறுத்துகிறார்கள். குழந்தைகளின் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்தி விடுகிறார்கள். ஜீப்ரா கிராசிங்கில் நிஜமாகவே ஜீப்ரா!