இலை தழைத்தும் மலராத ஐரிஸ்

காஷ்மீரத்தில் இளவேனில் வந்ததும் அடக்கத்தலங்களில் நீலமும் வெண்மையுமாக ஐரிஸ் மலர்கள் பூத்து நிற்கும். அவற்றுக்கு எருவிடுவாரும் இல்லை. நாள்தோறும் நீர் வார்ப்பாரும் இல்லை. ஆயின், மலையூர்த் தோட்டங்களில் மிகுந்த பரிவுடன் வளர்க்கப்படும் ஐரிஸ், வாள் போன்ற இலைகளை மட்டும் விடுத்து, ஆண்டுக்கணக்கில் பூவாது நிற்பதும் உண்டு. இதன் காரணம் யாது?

தோட்டங்களில் பெரிதும் வளர்க்கப்படுவது தாடி ஐரிஸ். கீழ்நோக்கி வளைந்த இதழ்களின்மேல் மயிர்க்கற்றை போன்ற அமைப்பு உள்ளமையால் இப்பெயர் பெற்றது. இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றைப் போல இதற்கும் மட்டநிலத் தண்டு உண்டு. ஒரு தண்டின் நுனியிலிருந்து ஒருமுறை பூங்காம்பு எழுந்துவிட்டால், அத்தண்டு மீண்டும் பூப்பதில்லை. அதன் பக்கங்களில் கிளைக்கும் இளந்தண்டுகளே அடுத்து வரும் மலர்களைத் தருவன. ஆகவே, இளந்தண்டு பருத்து முதிர்வதற்குத் தடையாவன யாவும் மலர்ச்சிக்கும் தடையாகும்.

அத்தடைகளுள் முதலாவது நெருக்கம். சில ஆண்டுகளில் தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொள்கின்றன. 3 அல்லது 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூத்து முடிந்த சில வாரங்களுக்குப் பின் அவற்றைத் தோண்டி, பழந்தண்டுகளை நீக்கி, இளந்தண்டுகளை 30 முதல் 45 செ.மீ. இடைவெளியில் நடல் வேண்டும். அவ்வாறு பிரித்து நட்ட செடி முதலாண்டில் பூவாதிருத்தல் இயல்பே.

இரண்டாவது ஆழம். தண்டின் மேற்புறம் மண்மட்டத்தில் வெயில் படுமாறு இருத்தல் வேண்டும். ஆழப் புதைத்தால் பூப்பது குன்றும். நீர் தேங்கினால் தண்டு அழுகும். மூன்றாவது நிழல். நாளொன்றுக்கு 6 மணி நேரமேனும் நேர்வெயில் தேவை. நட்டபொழுது சிறிதாக இருந்த மரம் பின்னர்க் கிளைத்து நிழலிடுவதைப் பலர் கவனிப்பதில்லை. நான்காவது மிகையான தழைச்சத்து. அது இலையைப் பெருக்கிப் பூவைக் குறைக்கும். ஐந்தாவது, பூத்தவுடன் பச்சை இலைகளை அரிந்துவிடுதல். இளந்தண்டுக்கு உணவு சமைப்பவை அவ்விலைகளே.

இவற்றோடு தட்பவெப்பமும் கருதத்தக்கது. தாடி ஐரிஸ் வகைகளுள் பெரும்பாலானவை குளிர்காலத்தின் குளிர்ச்சியைப் பெற்ற பின்னரே மொட்டுக் கொள்ளும். எனவே, வெப்பம் மிகுந்த சமவெளிகளில் அவை பூவாமைக்கு வளர்ப்பவரைக் குறைகூறுதல் பொருந்தாது.

அடக்கத்தலச் செடிகளின் மலர்ச்சிக்கும் இதனால் விளக்கம் கிடைக்கிறது. மேட்டுநிலம் ஆதலின் நீர் வடிந்துவிடுகிறது. திறந்தவெளியில் வெயில் தடையின்றி விழுகிறது. மிகை உரத்துக்கு அங்கே இடமில்லை.

செடி பூக்கவில்லை என்று முறையிடுவோர் பெரும்பாலும் உரம் கேட்டே வருவர். களப்பணியாளர் உரத்தைப் பரிந்துரைக்குமுன் தண்டைச் சுற்றியுள்ள மண்ணை விரலால் விலக்கி, அதன் ஆழத்தையும் நெருக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பின்னர் வெயிலையும் முன்பு இட்ட உரத்தையும் விசாரித்தல் வேண்டும். பிடுங்கி எறியப்படும் செடிகளுள் பல, பிரித்து நட்டால் பூக்கக் கூடியவையே.

குளிர்ப்பகுதிப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஒரே தாய்ச்செடியின் இளந்தண்டுகளை இரு வரிசைகளாக, ஒன்றை மண்மட்டத்திலும் மற்றொன்றை 10 செ.மீ. ஆழத்திலும் நடச்செய்யலாம். ஈராண்டுகள் பூங்காம்புகளை எண்ணிக் குறித்துவரின், மண்ணுக்குள் நிகழும் காரணத்தை மாணவர் தாமே கண்டறிவர்.