விலகிய பிரித்தானியாவும் நமது இறால் பெட்டியும்

ஏறாவூரிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில், தன்னாமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறார். வாவி இறாலும் நண்டும், கடல் பக்கத்திலிருந்து வரும் கணவாயும் வாங்கிச் சேர்த்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொழும்புக் கம்பனிகளுக்கு அனுப்புவது அவரது தொழில். ஒருநாள் கேட்டார்: "காக்கா, லண்டன்காரன் ஐரோப்பாவ விட்டு வெளிய வந்துட்டான்தானே. இனி அவன்ட சட்டம் லேசாகியிருக்குமே? சாமான் அனுப்ப சுகம்தானே?"

"லேசாகல்ல தம்பி, ரெண்டாகியிருக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாததில் பிழையும் இல்லை. பிரித்தானியாவில் வாக்களித்த பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருக்கக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. பின்னாளில் முஹ்தஸிப் என்ற சந்தை அதிகாரி செய்ததும் அந்த வேலைதான். வாங்குபவனும் விற்பவனும் ஒரே சந்தையில் நிற்கும்வரை அது போதும். பெட்டி கடல் கடந்து போகும்போது வாங்குபவன் கைவிட்டுப் பார்க்க முடியாது. அவனுக்காக இங்கே யாரோ ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும், அந்தக் கையெழுத்தை அவன் ஏற்க வேண்டும். இன்றைய உற்பத்திப் பாதுகாப்புச் சட்டங்களில் பாதிக்கு மேல் இந்த 'ஏற்பது' பற்றியதுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் போன்ற வர்த்தகக் கூட்டமைப்பின் உள்ளே நடப்பது என்னவென்றால், ஓர் உறுப்பு நாட்டில் விட்ட கை எல்லா நாட்டிலும் விட்ட கையாகக் கணக்கெடுக்கப்படும். ஸ்கொட்லாந்தில் பிடித்த மீன் பாரிஸுக்குப் போக, எல்லையில் சுகாதாரச் சான்றிதழ் கேட்கப்படவில்லை. நமக்கு அந்த வசதி ஒருநாளும் இருந்ததில்லை. நாம் 'மூன்றாம் நாடு'. இலங்கை மீன் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமென்றால், நமது கடற்றொழில் திணைக்களத்தைப் பொறுப்புள்ள அதிகார சபையாக அவர்கள் ஏற்றிருக்க வேண்டும். பதப்படுத்தும் தொழிற்சாலை அவர்களது பட்டியலில் இலக்கத்தோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு ஏற்றுமதியோடும் சான்றிதழ் போக வேண்டும். வளர்ப்பு இறால் என்றால் மருந்து எச்சம் பார்க்கும் கண்காணிப்புத் திட்டமும் வேண்டும்.

பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் விலகியது. இடைக்காலம் அந்த வருடம் டிசம்பர் 31இல் முடிந்தது. மறுநாள் காலை அதுவும் மூன்றாம் நாடு. மீன் அதே மீன், தொழிற்சாலை அதே தொழிற்சாலை, சட்டப் புத்தகத்தில் இருந்த வரிகள்கூடப் பெரும்பாலும் அவையே. மாறியது, அவர்களது கையெழுத்தின் பெறுமதி. ஜனவரி 18ஆம் திகதி கடலுணவு லொறிகள் லண்டனில் பிரதமர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று ஆர்ப்பாட்டம் செய்தன. கடதாசி தாமதமாகி மீன் பழுதாகிறது என்பதே அவர்களது குறை. நாம் எத்தனையோ வருடமாகச் சுமக்கும் சுமையை அவர்கள் அப்போதுதான் தோளில் ஏற்றிப் பார்த்தார்கள்.

மட்டிக் கதை இன்னும் தெளிவானது. சிப்பி, மட்டி போன்றவை வளரும் நீரை அதன் சுத்தத்தைப் பொறுத்து ஏ, பி, சி என்று வகுப்பார்கள். பி வகுப்பு நீரில் எடுத்ததை நல்ல நீரில் வைத்துக் கழுவி எடுத்த பிறகே மனிதர் உண்ணலாம். வேல்ஸ், தென்மேற்கு இங்கிலாந்துப் பண்ணைக்காரர் அதை உயிரோடு அப்படியே ஐரோப்பாவுக்கு அனுப்ப, அங்கே போய்ச் சுத்தமாவது வழக்கம். உறுப்பு நாடுகளுக்கு அது ஆகுமானது. மூன்றாம் நாட்டிலிருந்து சுத்திகரிக்காத பி வகுப்பு மட்டி வரக்கூடாது என்பது ஒன்றியத்தின் விதி, பிரித்தானியா உள்ளே இருந்தபோதும் இருந்த விதி. கதவுக்கு உள்ளே நின்றவனுக்கு அது தெரியவில்லை, வெளியே வந்ததும் முகத்தில் இடித்தது. 2021 ஏப்ரலில் சரியாகும் என்று லண்டன் அரசு சொல்லிக்கொண்டிருந்தது. பிரஸ்ஸல்ஸ் இல்லை என்றது.

தனக்கென்று ஓர் அடையாளம் போடப் பார்த்த முயற்சியும் உண்டு. விளையாட்டுச் சாமான், மின்சாரப் பொருள் போன்றவற்றில் இருக்கும் 'சிஈ' அடையாளத்துக்குப் பதிலாக 'யுகேசிஏ' என்ற ஒன்றை 2021இல் கொண்டு வந்தார்கள். கட்டாயமாகும் திகதியைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, கடைசியில் 2023 ஓகஸ்டில், பல வகைப் பொருட்களுக்கு 'சிஈ'யையே காலவரையின்றி ஏற்பதாக அறிவித்தார்கள். ஒரு நாட்டுக்காக மட்டும் இன்னொரு பரிசோதனைக்குக் காசு கட்ட உற்பத்தியாளர் எவருக்கும் மனம் வராது, பெரிய சந்தையின் விதிக்குத்தான் அவர் சாமான் செய்வார். ஆக, வெளியே வந்தவர் ஒன்றியத்தின் அடையாளத்தையே ஏற்க வேண்டியாயிற்று, அந்த அடையாளத்துக்கு விதி எழுதும் மேசையில் இருந்த கதிரையும் போயிற்று. ஆபத்தான பொருள் பற்றி உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் எச்சரிக்கை வலையமைப்பை உள்ளிருந்து பார்க்கும் உரிமையும் அதோடு போயிற்று.

அடையாளம் என்பதில் நமக்கே ஓர் அனுபவம் உண்டு. 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகக் கிளம்பிய பிரச்சாரமும், ஜம்இய்யத்துல் உலமா அந்தப் பணியிலிருந்து விலகி வேறோர் அமைப்பு பொறுப்பேற்றதும் வாசகருக்கு நினைவிருக்கும். உணவு மாறவில்லை. யார் சொன்னால் யார் ஏற்பார் என்பதே அன்றும் கேள்வியாக இருந்தது.

சரி, விதிகள் எங்குமே பிரியவில்லையா? பிரிந்திருக்கின்றன. மிட்டாய்களை வெள்ளையாக்கும் டைட்டேனியம் டையொக்சைட்டை (ஹலால் தேடி ஈ இலக்கங்களைப் படிப்பவர்களுக்கு அது ஈ-171) ஒன்றியம் 2022இல் உணவில் தடை செய்தது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் தடை செய்யவில்லை. வட அயர்லாந்து பிரித்தானியாவின் பகுதிதான், ஆனாலும் அங்கே ஒன்றிய விதி செல்லுபடியாவதால் தடை உண்டு. ஒரே நாட்டுக்குள் ஒரு மிட்டாய்க்கு இரண்டு சட்டம்!

தன்னாமுனைத் தம்பியின் பெட்டிக்கு நேரே வருவது பாதரச அளவு. கணவாயில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்ததை ஒன்றியம் 2022 மே மாதம் 0.3 ஆகக் குறைத்தது. பிரித்தானியச் சட்டத்தில் பழைய 0.5 தொடர்ந்தது. ஆக, 0.4 இருக்கும் ஒரு தொகுதி லண்டனில் இறங்கலாம், மிலானில் இறங்க முடியாது. "அப்ப லேசுதானே!" என்பார் தம்பி. அந்த ஒரு இடத்தில் ஓம். ஆனால் கொழும்புக் கம்பனி இரண்டு சந்தைக்கும் வெவ்வேறாகத் தரம் பிரிப்பது அபூர்வம். எந்தப் பெட்டி எங்கே போகும் என்று வாங்கும்போது அதற்கே தெரியாது. இறுக்கமான அளவை வைத்தே அது விலை பேசும்.

தீர்வைச் சலுகையை இதோடு குழப்பக் கூடாது. 2010இல் இழந்த ஜிஎஸ்பி பிளஸை இலங்கை 2017 மே மாதம் திரும்பப் பெற்றது. பிரித்தானியா விலகிய பின் அதன் சலுகையைத் தனியாகப் பெற வேண்டியிருந்தது, 2023 ஜூனிலிருந்து அது வளர்முக நாடுகளுக்கான புதிய திட்டமொன்றின் கீழ் வருகிறது. இவை சுங்கத்தில் கட்டும் காசைக் குறைக்கும், பாதரசத்தைக் குறைக்காது.

விலகலால் நமக்கு ஒரு நன்மையும் வரலாம் என்பதை மறைக்கத் தேவையில்லை. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதாகச் சொல்லி ஒன்றியம் 2015 ஜனவரியில் நமது மீனைத் தடுத்தபோது, உள்ளே இருந்த லண்டனின் கதவும் கூடவே மூடியது. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. இன்று அப்படி ஒன்று நடந்தால் லண்டன் தானாக மூட வேண்டியதில்லை, அது தனியே முடிவெடுக்கும்.

எவ்வளவு காலத்துக்கு என்பதுதான் தெரியாது. 2025 மே 19ஆம் திகதி லண்டன் உச்சிமாநாட்டில், உணவு, கால்நடை, தாவரச் சுகாதாரத்தில் பொது உடன்படிக்கை ஒன்றை நோக்கிப் போக இரு தரப்பும் இணங்கின. ஒன்றியத்தின் விதி மாற மாறப் பிரித்தானியாவும் கூடவே மாற்ற வேண்டும், பிணக்கு வந்தால் ஒன்றியச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் கடைசி அதிகாரம் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு. விதி எழுதுகையில் பிரித்தானியா கருத்துச் சொல்லலாம், வாக்களிக்க முடியாது. அது கைகூடினால் கணவாயின் 0.5 அங்கும் நிலைப்பது கடினம். லண்டன் ஓடரை மட்டும் நம்பிக் கணவாய் சேர்ப்பவர்கள், பரிசோதனை அறிக்கையில் 0.3ஐத் தாண்டாத சாமானையே இப்போதிருந்து தேடுவது நல்லது.